குழந்தைகளின் மிகை எடையை ஊர் கூடித் தடுக்கலாம்

நெற்பயிருக்குத் தழைச்சத்தை அளவுக்கு மேல் இட்டால் பயிர் கரும்பச்சையாக வளர்ந்து, பார்ப்பதற்குச் செழிப்பாகத் தோன்றும். ஆனால் தண்டில் வலு இருக்காது. சற்றுப் பலமான காற்று அடித்தால் சாய்ந்துவிடும். புகையானும் குலைநோயும் அத்தகைய பயிரையே முதலில் தேடி வரும். அறுவடையின்போது வைக்கோல் மிகுந்தும் மணி குறைந்தும் இருக்கும். பச்சையைக் கண்டு ஏமாறக் கூடாது என்பது விவசாயிகள் அனுபவத்தில் அறிந்த உண்மை.

குழந்தைகளின் உடல் எடையும் இதைப் போன்றதே. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்ற எண்ணம் பல வீடுகளில் உள்ளது. வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய எடை ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல. அத்தகைய குழந்தைகளில் பலர் பெரியவர்களான பின்னும் அதே உடல்வாகுடன் இருந்து, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதய நோய், மூட்டு வலி ஆகியவற்றுக்கு இளம் வயதிலேயே ஆளாகின்றனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1990ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 100க்கு 8 பேர் மிகை எடையுடன் இருந்தனர். 2022ஆம் ஆண்டில் இது 100க்கு 20 பேராக உயர்ந்தது. எண்ணிக்கையில் 39 கோடிக்கும் அதிகம். இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே 2015-16ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வில் 2.1 சதவீதமாக இருந்த மிகை எடை, 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் 3.4 சதவீதமாகியது. அதே ஆய்வில் 100க்கு 35 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததும் தெரிய வந்தது. ஆக, ஊட்டக் குறைவும் மிகை எடையும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் சேர்ந்தே காணப்படுகின்றன.

எடை கூடுவது ஏன்?

ஒரு குழந்தை உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சக்தி, அதன் வளர்ச்சிக்கும் ஓடியாடும் வேலைக்கும் செலவாக வேண்டும். செலவாகாமல் மிஞ்சும் சக்தி கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. மிஞ்சும் அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 300 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உள்ளது. அதாவது ஆறு தேக்கரண்டி. இதிலிருந்து சுமார் 120 கலோரி கிடைக்கிறது. அன்றாடம் இந்த அளவு மிஞ்சிக்கொண்டே போனால் ஆண்டுக் கணக்கில் எடை ஏறிவிடும். மடையில் சிறிய ஓட்டை இருந்தாலும் இரவு முழுவதும் கசிந்தால் வயல் நிரம்பிவிடுவது போலத்தான் இதுவும்.

முன்பு பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து சென்றனர். மாலையில் களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் விளையாடினர். இப்போது பலர் வண்டியில் ஏறிச் செல்கின்றனர். மாலைப் பொழுது கைப்பேசியின் முன் கழிகிறது. பெட்டிக்கடையில் பாக்கெட் தின்பண்டங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. வேலைக்குப் போய் அலுத்து வரும் தாய்க்கு அவை சுலபமாகக் கைகொடுக்கின்றன. எனவே குழந்தையையோ தாயையோ குறை கூறிப் பயனில்லை. குழந்தையைச் சுற்றியுள்ள சூழ்நிலையே மாறியிருக்கிறது.

எலிக்கும் எடைக்கும் ஒரே பாடம்

ஒரு விவசாயி தம் வயலில் மட்டும் கிட்டி வைத்து எலி பிடித்தால், சில நாட்களில் அடுத்த வயல் எலிகள் அங்கே குடியேறிவிடும். ஊர் விவசாயிகள் அனைவரும் ஒரே சமயத்தில் இறங்கினால்தான் எலி அடங்கும். மிகை எடையிலும் இதே நிலைதான். ஒரு தாய் வீட்டில் குளிர்பானத்தை நிறுத்தலாம். பள்ளி வாசலில் கடை இருந்தால் என்ன பயன்? பள்ளி நல்ல உணவு தரலாம். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட் பிரித்தால் என்ன பயன்? வீடு, பள்ளி, கடை, தெரு, மருத்துவமனை ஆகிய எல்லா இடங்களிலும் சிறு சிறு மாற்றங்களை ஒரே காலத்தில் செய்தால் எடை கட்டுப்படுமா என்பதை அமெரிக்காவில் ஒரு நகரம் சோதித்துப் பார்த்தது. அதன் அனுபவம் கிராமங்களுக்கும் பயன்படக்கூடியது.

சாமர்வில் நகரின் சோதனை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகில் உள்ளது சாமர்வில். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 77 ஆயிரம். வீடுகள் நெருக்கமாக அமைந்த, உழைப்பாளிகள் மிகுந்த ஊர். பிரேசில், எல் சால்வடோர், ஹெய்ட்டி முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஏராளம். அங்கே 1 முதல் 3ஆம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளில் 100க்கு 40 பேருக்கும் மேல் மிகை எடையுடனோ, அதை எட்டும் நிலையிலோ இருந்தனர்.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டினா எகனாமோஸ் தலைமையிலான குழு, 2002ஆம் ஆண்டில் இங்கே பணியைத் தொடங்கியது. வந்தவுடன் திட்டத்தைத் திணிக்கவில்லை. முதலில் பெற்றோர், ஆசிரியர், பள்ளிச் சமையல் பணியாளர், நகராட்சியினர், மருத்துவர், உணவுக்கடைக்காரர் ஆகியோரிடம் கலந்து பேசி, எதைச் செய்ய முடியும் என்று முடிவு செய்தது. 2003-04 பள்ளியாண்டில் அவை நடைமுறைக்கு வந்தன.

குழந்தைகளைப் பட்டினி போடுவது நோக்கமாக இருக்கவில்லை. உணவில் சிறிது, நடையில் சிறிது என்று மாற்றி, நாளொன்றுக்கு 125 கலோரி வரை சமன் செய்வதே குறிக்கோள். ஏறக்குறைய மேலே சொன்ன ஒரு குளிர்பானத்தின் அளவு.

பள்ளி உணவில் அன்றாடம் புதிய பழமும் காய்கறியும் இடம் பெற்றன. மாதம் ஒரு காய் அல்லது பழத்தைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாகச் சுவைக்கக் கொடுத்தனர். புதிய காயைக் கண்டதும் குழந்தை முகம் சுளிப்பது இயல்பு. பல முறை சுவைத்த பின்னரே பழகும். சமையல் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது.

பள்ளிக்கு நடந்து வரும் வழிகள் செப்பனிடப்பட்டன. சாலையைக் கடக்கும் இடங்களில் கோடுகள் புதிதாகத் தீட்டப்பட்டன. பிள்ளைகளைக் கடத்திவிட ஆட்கள் நின்றனர். வழி பாதுகாப்பாக இருந்தால்தானே பெற்றோர் பிள்ளையை நடக்கவிடுவார்கள்?

சுமார் 20 உணவு விடுதிகள் திட்டத்தில் சேர்ந்தன. சிறிய அளவுப் பரிமாறல், வறுவலுக்குப் பதில் காய்கறி அல்லது பழம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றை அவை தர ஒப்புக்கொண்டன. அத்தகைய கடைகளுக்கு அங்கீகார அட்டை வழங்கப்பட்டது. பெற்றோருக்குப் பல மொழிகளில் செய்தி மடல் அனுப்பப்பட்டது. மருத்துவர்களுக்கும் பள்ளிச் செவிலியர்களுக்கும் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் சரியாக அளந்து கணிக்கப் பயிற்சி தரப்பட்டது.

இவற்றில் தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் பெரிய காரியமில்லை. ஒரே ஊரில் ஒரே சமயத்தில் சேர்ந்து நடந்ததே இத்திட்டத்தின் பலம்.

கிடைத்த பலன்

ஒரு புதிய நெல் இரகத்தைச் சோதிக்கும்போது, பக்கத்தில் பழைய இரகத்தையும் பயிரிட்டு ஒப்பிடுவது வழக்கம். அதுபோல, இத்திட்டம் இல்லாத வேறு இரண்டு நகரங்களின் பிள்ளைகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். மூன்று நகரங்களிலும் சேர்த்து 1,178 பிள்ளைகள். ஒரு பள்ளியாண்டு முடிந்தபோது, மற்ற இரு நகரங்களைவிடச் சாமர்வில் பிள்ளைகளின் எடை ஏற்றம் குறைந்திருந்தது. 2007ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியிடப்பட்டது.

எவ்வளவு குறைந்தது? எட்டு வயதுக் குழந்தைக்குச் சுமார் 450 கிராம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஓராண்டில், எந்தக் குழந்தையையும் பட்டினி போடாமல், யாரையும் தனியே பிரித்து வெட்கப்பட வைக்காமல், ஊர்ப் பிள்ளைகளின் சராசரியில் கிடைத்த பலன் இது. ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதல் மகசூல் என்பது ஒரு வயலில் சிறியதாகத் தெரியலாம். ஒரு வட்டம் முழுவதும் கிடைத்தால் அது பெரிய தொகை.

ஆய்வுப் பணம் தீர்ந்ததும் திட்டம் கைவிடப்படவில்லை. 2004ஆம் ஆண்டில் மேயராகப் பொறுப்பேற்ற ஜோசப் கர்ட்டடோன் அதை நகராட்சியின் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

பிரான்சின் இரு சிற்றூர்கள்

பிரான்சு நாட்டின் வடபகுதியில் ஃப்ளர்பே, லவான்ட்டி என்ற இரு சிற்றூர்கள் உள்ளன. 1992ஆம் ஆண்டில் இங்குள்ள பள்ளிகளில் உணவைப் பற்றிய பாடங்கள் தொடங்கப்பட்டன. பிறகு மருத்துவர், கடைக்காரர், ஊராட்சியினர், விளையாட்டுச் சங்கங்கள் என்று ஊரே சேர்ந்துகொண்டது. தொடக்க ஆண்டுகளில் பலன் தெரியவில்லை. மிகை எடை சற்று உயரவும் செய்தது. 2004ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, இவ்வூர்ப் பிள்ளைகளில் 8.8 சதவீதத்தினரே மிகை எடையுடன் இருந்தனர். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பக்கத்து ஊர்களில் இது 17.8 சதவீதம். பலன் கண்ணுக்குத் தெரியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. தென்னங்கன்று நட்டவர் மறு ஆண்டே காயை எதிர்பார்க்க முடியாது அல்லவா?

அதே ஆண்டில், இந்த அனுபவத்தை வைத்துப் பிரான்சின் வேறு பத்து ஊர்களில் இதுபோன்ற திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் வேறு நாடுகளுக்கும் பரவியது.

பள்ளி மட்டும் போதுமா?

எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றுவிடவில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்களின் 41 பள்ளிகளில், 1,704 குழந்தைகளிடம் மூன்று ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளிச் சாப்பாட்டில் கொழுப்பு குறைந்தது. பிள்ளைகளின் உணவு அறிவும் வளர்ந்தது. ஆனால் உடல் கொழுப்பில் மாற்றம் ஏற்படவில்லை. அத்திட்டம் பெரும்பாலும் பள்ளியையே நம்பியிருந்தது. பள்ளிக்கு வெளியே குழந்தை செலவிடும் நேரமே அதிகம் என்பதை மறக்கக் கூடாது. உரத்தை மட்டும் இட்டுவிட்டுத் தண்ணீரையும் களையையும் கவனிக்காமல் விட்டால் மகசூல் எப்படிக் கிடைக்கும்?

விவசாயிக்கு இதில் என்ன பங்கு?

ஊர்ப் பிள்ளைகள் காய்கறியும் பழமும் உண்ண வேண்டுமானால், அவை கிட்டத்தில் கட்டுபடியாகும் விலையில் கிடைக்க வேண்டும். சாமர்வில் நகரில் பள்ளித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டில் நடமாடும் உழவர் சந்தை ஒன்றும் தொடங்கப்பட்டது. வாகனத்தில் புதிய காய்கறிகளை ஏற்றி, ஏழை மக்களின் குடியிருப்புகளுக்கே கொண்டு சென்றனர். குறைந்த வருவாய் உள்ளவர்களுக்குப் பாதி விலை.

விவசாயிக்கு இதைவிட நேரடியான பயன் தந்த நாடு பிரேசில். அங்கு 2009ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளின் விளைபொருளை வாங்கவே செலவிட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. 2025ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, 2026 முதல் இந்தப் பங்கு 45 சதவீதம் என்று உயர்த்தப்பட்டது. பிள்ளைக்குப் புதிய காய். சிறு விவசாயிக்கு உறுதியான சந்தை. ஒரே செலவில் இரண்டு பயன்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 6 முதல் 9 வயது வரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 350 கிராம் காய்கறியும் பழமும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதில் 100 கிராம் மட்டும் பள்ளியில் தருவதாக வைத்துக்கொண்டாலும், 100 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு நாளொன்றுக்கு 10 கிலோ வேண்டும். 200 பள்ளி நாட்களுக்கு 2,000 கிலோ. ஒரு சிற்றூரில் ஓரிரு சிறு விவசாயிகளுக்கு இது நிலையான வருமானம் தரும்.

கிராமத்தில் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022ஆம் ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவை அளிக்கும் வழியை ஏற்கெனவே ஏற்படுத்தியுள்ளன. அங்கன்வாடியும் கிராம சுகாதார செவிலியரும் உள்ளனர். எனவே புதிதாகப் பெரும் பணம் தேடாமலே கீழ்க்கண்டவற்றைத் தொடங்கலாம்.

1. அளவெடுத்தல்: ஆண்டுக்கு இரு முறை பள்ளியில் எடையும் உயரமும் அளந்து குறித்து வைக்க வேண்டும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். 25 கிலோ எடையும் 1.25 மீட்டர் உயரமும் உள்ள குழந்தைக்கு இது 16. பெரியவர்களுக்கான அளவுகோலைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ற அட்டவணையுடன் ஒப்பிட்டு, சுகாதார நிலையத்தார் முடிவு கூறுவர். மெலிந்த பிள்ளைகளும் இதே அளவெடுப்பில் தெரிய வருவார்கள்.

2. காய்கறி: பள்ளி வளாகத்திலோ வீட்டின் பின்புறத்திலோ ஒரு சென்ட் இடம் இருந்தாலும் வெண்டை, கத்தரி, தக்காளி, கொத்தவரை, கீரை பயிரிடலாம். வேலியோரம் முருங்கையும் பப்பாளியும் நடலாம். முளைக்கீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வரும். பதினைந்து நாளைக்கு ஒரு பாத்தி வீதம் விதைத்து வந்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். பிள்ளைகள் தம் கையால் வளர்த்த காயை விருப்பத்துடன் உண்பார்கள்.

3. பயிர்ப் பாதுகாப்பு: பள்ளிக்குத் தரும் காய்கறியில் பூச்சிமருந்து தங்கியிருக்கக் கூடாது. முதலில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். இதற்கு 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு தேவை. இரசாயன மருந்து தவிர்க்க முடியாதபோது, அதற்குரிய காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பறிக்க வேண்டும்.

4. தின்பண்டம்: மாலைப் பசிக்கு அவித்த வேர்க்கடலை, பாசிப்பயறு சுண்டல், கொய்யா, வாழைப்பழம், மோர் ஆகியவை பாக்கெட் தின்பண்டத்தைவிட மேலானவை. தாகத்துக்குத் தண்ணீரே சிறந்தது.

5. கடை: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கடைக்காரரும் ஊர்க்காரரே. அவரிடம் சண்டை பிடிப்பதைவிட, சுண்டலும் பழமும் விற்க அவருக்கு உதவுவது பலன் தரும்.

6. விளையாட்டு: 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் தேவை. கபடிக்கும் பாண்டிக்கும் செலவு இல்லை. இடமும் வெளிச்சமும் பாதுகாப்பும் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் சமமாக இடம் தர வேண்டும். நடக்கும் தொலைவில் உள்ள பள்ளிக்குப் பிள்ளைகள் கூட்டமாகச் செல்லவும், முறை வைத்துப் பெற்றோர் ஒருவர் உடன் செல்லவும் ஏற்பாடு செய்யலாம்.

செய்யக் கூடாதவை

எடை மிகுந்த குழந்தையைக் குண்டு என்று கேலி செய்யக் கூடாது. கேலி, குழந்தையை விளையாட்டிலிருந்து ஒதுங்க வைக்கும். எடை இன்னும் கூடும். வளரும் வயதில் பட்டினி போடுவதும், ஒரு வேளை உணவை நிறுத்துவதும், விளம்பரங்களைப் பார்த்து மருந்து வாங்குவதும் தீங்கு தரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு எடையைக் குறைப்பதைவிட, எடை மேலும் வேகமாக ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் வளர வளர எடை பொருந்தி வரும். அதிக எடையுடன் மூச்சிரைப்பு, உறக்கத்தில் குறட்டை, கழுத்தைச் சுற்றிக் கருமை ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒருவர் மட்டும் முயன்றால் தேர் நகராது. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ இதை ஒரு பொருளாக வைத்துப் பேசி, மேற்கண்டவற்றில் இரண்டு வேலைகளையாவது இந்த ஆண்டே தொடங்கலாம். பள்ளித் தோட்டத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் வேண்டிய விதை, கன்று பற்றிய விவரங்களை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும், குழந்தைகளின் எடை பற்றிய ஆலோசனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விவசாயப் பெருமக்கள் கேட்டறிந்து பயன் பெறலாம்.